ஆஞ் போஸ்டெகோக்லுவை வளர்த்த மன்றம்

ஆஸ்திரேலியக் கால்பந்துப் பயிற்சியாளர் ஆஞ் போஸ்டெகோக்லுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பயிற்றுவித்த இங்கிலாந்து அணியான டாட்டன்ஹாமில் தொடங்குகிறார்கள். 2025 மே மாதம் ஸ்பெயினின் பில்பாவோவில் நடந்த ஐரோப்பா லீக் இறுதிப்போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வென்று, 17 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அணிக்கு ஒரு கோப்பையைப் பெற்றுத் தந்தார். லீக்கில் 17ஆம் இடத்தில் முடித்த அணியின் நிர்வாகம் அடுத்த மாதமே அவரை நீக்கியது. என்னைப் பொறுத்தவரை அவருடைய கதை மெல்போர்னில் தொடங்குகிறது.

1967இல் கிரேக்கத்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் அவருடைய தந்தை தொழிலை இழந்தார். 1970இல் ஐந்து வயது மகனுடன் அக்குடும்பம் கப்பலில் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தது. ஓயாமல் உழைத்த தந்தையுடன் நேரம் கழிக்க அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த வழி கால்பந்து. அதற்கான இடம், கிரேக்கக் குடியேறிகளின் கால்பந்து மன்றமான சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ். ஆஸ்திரேலியர் பலர் கால்பந்தை வந்தேறிகளின் ஆட்டமென்று இழித்துப் பேசிய காலம் அது.

அந்த மன்றத்திலேயே அவர் தடுப்பாட்டக்காரராக வளர்ந்து அணித்தலைவரானார். அப்போது பயிற்சியாளராக வந்தவர், சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சிக்குப் பிறகு தாயகமான ஹங்கேரிக்குத் திரும்பாமல் ஐரோப்பாவில் அலைந்து, பின்னர் ரியல் மாட்ரிட்டின் பெரும் நட்சத்திரமான ஃபெரென்க் புஷ்காஷ். ஏதென்ஸின் பனதினைகோஸ் அணியை 1971இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டி வரை அழைத்துச் சென்றவர் என்பதால் அவருக்குக் கிரேக்கம் தெரியும், ஆங்கிலம் போதாது. ஆகவே அவருக்குக் கார் ஓட்டியதும், அவர் சொன்னதை மற்ற வீரர்களுக்கு மொழிபெயர்த்ததும் இளம் ஆஞ்தான். தாக்கி ஆட அஞ்சாத புஷ்காஷின் மனப்போக்கை அவர் அந்தப் பயணங்களில்தான் உள்வாங்கினார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1991இல் இருவரும் சேர்ந்து தேசியப் பட்டம் வென்றார்கள்.

முழங்கால் காயம் அவருடைய ஆட்ட வாழ்வைச் சீக்கிரமே முடித்தது. அதே மன்றத்தின் பயிற்சியாளராகி அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள் வென்றார். 2007இல் இளையோர் தேசிய அணிப் பொறுப்பை இழந்தபின் ஏறக்குறைய ஒதுக்கப்பட்டிருந்த அவர், பிரிஸ்பேன் ரோர் அணியை 36 ஆட்டங்கள் தோல்வியின்றி நடத்தி மீண்டெழுந்தார். 2015இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை, 2019இல் யோகோஹாமாவுக்கு ஜப்பான் பட்டம், பிறகு ஸ்காட்லாந்தில் செல்டிக்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1990களில் ஆஸ்திரேலியக் கால்பந்து நிர்வாகம் இத்தகைய மன்றங்களை இனப் பெயர்களையும் அடையாளங்களையும் கைவிடச் சொன்னது. 2005இல் நாட்டின் முதல்நிலைப் போட்டியாகப் புதிய ஏ-லீக் தொடங்கியபோது சவுத் மெல்போர்னுக்கு அதில் இடமில்லை. மாநில லீக்கில் எத்தனை முறை வென்றாலும், கீழ்நிலையில் வென்ற அணி மேலேறும் தகுதி உயர்வு முறையே இல்லாத ஏ-லீக்குக்குள் ஏறிச் செல்ல வழியில்லை. ஆசியக் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளரைத் தன் மகனென்று கொண்டாடும் நாடு, அவருக்கு ஆட்டத்தையும் மொழியையும் தந்தையோடு கழித்த பொழுதுகளையும் கொடுத்த மன்றத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பதை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை.