முள் ஏறுது, வண்டி ஏறலை

(சேந்தமங்கலம் பக்கம் ஒரு கார் பட்டறை. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். மெக்கானிக் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அதை முடிக்க விடமாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும்.)

வாத்தியார்: தம்பி, இன்ஜினைக் கழற்றிப் பார்த்துவிடு. வண்டி கத்துகிறது, ஆனால் நகர மாட்டேன் என்கிறது.

மெக்கானிக்: கழட்டறது இருக்கட்டுங்க சார். எங்கே வைத்துக் கத்துச்சு?

வாத்தியார்: கொல்லிமலையில். காரவள்ளி தாண்டி ஏற ஆரம்பித்தேன், மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு, பதினெட்டாவதிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டுகிற ஆர்.பி.எம். முள் நாலாயிரத்துக்குத் துள்ளுகிறது, ஸ்பீடு முள் பக்கத்தில் இருபதிலேயே படுத்துக் கிடக்கிறது. பலாப்பழம் ஏற்றின மினி வேன் ஒன்று என்னை முந்திப் போச்சுப்பா. அதில் ஏறி உட்கார்ந்திருந்த பையன் எனக்கு டாட்டா வேறு காட்டினான்.

மெக்கானிக்: அப்போ ஏதாவது வாசம் வந்துச்சுங்களா?

வாத்தியார்: வந்தது, கருகல் வாசம். காட்டில் யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்று வீட்டம்மாவிடம் சொன்னேன்.

மெக்கானிக்: எவ்வளவு தூரத்துக்குக் கொளுத்தினாங்க?

வாத்தியார்: (யோசித்து) மேலே அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும்.

மெக்கானிக்: நல்லதுங்க. சரி, இதுவரைக்கும் என்னென்ன மாத்தினீங்க?

வாத்தியார்: பிளக் மாற்றினேன், அது எங்கள் கணக்கு வாத்தியார் யோசனை. ஏர் பில்டர் மாற்றினேன், அது பக்கத்து வீட்டுக்காரர். பெட்ரோலில் ஊற்றுகிற மருந்து ஒரு பாட்டில், அது மச்சான். எலுமிச்சம்பழமும் வைத்தேன், அது யார் யோசனை என்று கேட்காதே.

மெக்கானிக்: அதெல்லாம் செய்த பிறகு எப்படி இருக்குதுங்க?

வாத்தியார்: முன்பைவிட நன்றாகக் கத்துகிறது.

மெக்கானிக்: கத்தாதுங்களா பின்னே! சார், பில்டர் அடைத்திருந்தாலோ பெட்ரோல் சரியாக வராமல் இருந்தாலோ முள்ளே ஏறாதுங்க, இன்ஜின் திணறும். உங்களுக்கு முள் துள்ளுது. அப்படின்னா இன்ஜின் ஒழுங்காக வேலை பார்க்குது, அது பார்க்கிற வேலைதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரலை.

வாத்தியார்: பிரேக் பிடித்துக்கொண்டிருக்குமோ?

மெக்கானிக்: பிரேக் ஒட்டினால் வண்டி பாரமாகப் போகும், சக்கரம் சுடும். அப்பவும் கியரில் போகும்போது முள்ளும் வேகமும் ஒண்ணாத்தான் ஏறும், இப்படித் தனித்தனியாகப் போகாது. வாங்க, ஒரு சோதனை பண்ணிடலாம்.

(வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னால் நின்ற பையனை விலகச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நாலாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுகிறார். கால் முழுக்க மேலே வந்துவிட்டது. இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது.)

வாத்தியார்: பார்த்தாயா! நாலாவது கியரிலும் ஆஃப் ஆகவே இல்லை! எவ்வளவு திடமான இன்ஜின்!

மெக்கானிக்: (சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்து) சார், ஆஃப் ஆகணும். ஆகாததுதான் நோயே. கிளட்ச் வழுக்குதுங்க, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்கிற பிளேட் பிடிக்கலை. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருக்கிற பிளேட்டும் தீய்ந்து போயிடும், அதனால் ஒரு தடவையோடு சரி.

வாத்தியார்: வழுக்குகிறது என்றால் உராய்வு போதவில்லை. சக்தி எல்லாம் வெப்பமாகப் போகிறது. இதைத்தானேப்பா நான் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்துகிறேன்!

மெக்கானிக்: அந்த வெப்பம்தாங்க உங்க டயர் வாசம்.

வாத்தியார்: கேபிளைக் கொஞ்சம் முறுக்கினால் சரியாகாதா?

மெக்கானிக்: கேபிள் ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் இப்படி வழுக்கும், அப்போ நட்டைத் தளர்த்தினாலே போதும், உங்களுக்கும் செலவு இல்லை. (பெடலைக் கையால் அமுக்கிப் பார்க்கிறார்.) ஆனா ப்ளே, அதாவது பெடலில் இருக்க வேண்டிய தளர்வு, சரியாகத்தான் இருக்குது. நீங்க சீட்டில் உட்காருங்க, ஓட்டுகிற மாதிரி உட்காருங்க.

(வாத்தியார் உட்காருகிறார். இடது கால் தானாகவே கிளட்ச் பெடல் மேல் போய்ப் படுத்துக்கொள்கிறது.)

மெக்கானிக்: அது அங்கே என்ன பண்ணுதுங்க?

வாத்தியார்: எது?

மெக்கானிக்: இடது கால்.

வாத்தியார்: தயார் நிலையில் இருக்கிறது. ஆபத்து அவசரத்துக்குத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

மெக்கானிக்: வளைவில் எதிரே பஸ் வந்தால், மேட்டில் எப்படி நிறுத்துவீங்க?

வாத்தியார்: (பெருமையாக) பிரேக்கையே தொட மாட்டேன். பாதிக் கிளட்ச்சும் கொஞ்சம் ஆக்சிலேட்டரும், வண்டி அப்படியே அந்தரத்தில் நிற்கும். பஸ் டிரைவரே திரும்பிப் பார்ப்பார்.

மெக்கானிக்: அவர் வாசத்துக்குத் திரும்பியிருப்பாருங்க. கால் அது மேலேயே இருந்தா பிளேட் முழுசாப் பிடிக்காமல் உரசித் தேயும். கியர் பாக்ஸை இறக்கணும். பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூணும் செட்டாகப் போட்டுடலாம்.

வாத்தியார்: பிளேட் மட்டும் போட்டால் போதாதா?

மெக்கானிக்: போடலாம், அடுத்து பேரிங் கத்தினால் மறுபடியும் பாக்ஸை இறக்கின கூலி குடுப்பீங்களா? பின்னாடி ஆயில் சீல் கசிந்து பிளேட்டை நனைத்திருந்தாலும் வழுக்கும், இறக்கினால்தான் தெரியும், அதையும் பார்த்துடறேன். பிளேட் உரசுகிற ஃப்ளைவீல் சூட்டில் நீலம் பாரித்திருந்தால் அது தனிச் செலவு.

(வாத்தியார் போன் அடிக்கிறது. வீட்டம்மா.)

வாத்தியார்: ஆமாம்மா... கிளட்ச்சாம்... உன் தம்பி பொங்கலுக்கு எடுத்து ஓட்டினானே, அப்போது ஏதோ ஆகியிருக்கும் போல.

மெக்கானிக்: (மெல்ல) எவ்வளவு தூரம் ஓட்டினாருங்க?

வாத்தியார்: (போனைப் பொத்திக்கொண்டு) தெருமுனைப் பெட்டிக்கடை வரைக்கும். நீ சும்மா இரு. (போனில்) என்னது, அவரிடம் கொடுக்கணுமா? எதற்கு? (கொடுக்கிறார்.)

மெக்கானிக்: சொல்லுங்கக்கா... ஆமாங்க, இடதுதாங்க... இல்லைங்க, இவ்வளவு நேரமும் அது மேலேயேதான் இருந்துச்சு... அதெல்லாம் ஃபிட்டிங்கில் வராதுங்கக்கா, நீங்கதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கணும். (போனைத் திருப்பிக் கொடுத்து) நாளன்னைக்குச் சாயங்காலம் வாங்க சார். அக்காவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

வாத்தியார்: யார் சொன்னது?

மெக்கானிக்: அக்காதாங்க.