பால் பாட்டிலில் கலந்து கொடுக்கச் சொன்ன 89 வெள்ளி பெட்டி

என் தம்பிக்கு மகன் பிறந்து இன்றோடு பத்தொன்பது நாள். 28 வாரத்திலேயே பிறந்துவிட்டான், எடை 980 கிராம். பினாங்கில்தான் இருக்கிறான், என்ஐசியுவில் (பச்சிளம் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு), கண்ணாடிப் பெட்டிக்குள். எந்த மருத்துவமனை என்று கேட்டு யாரும் இன்பாக்ஸில் வர வேண்டாம், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அது போதும்.

நான் எழுத வந்தது போன ஞாயிறு எங்கள் சின்னம்மா பட்டர்வொர்த்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெட்டியைப் பற்றி. முப்பது பாக்கெட், 89 வெள்ளி (ரிங்கிட்), மேலே கொழுகொழுவென்று ஒரு குழந்தை படம், உள்ளே புரோபயாடிக் பவுடர், அதாவது குடலுக்கு நல்லது என்று கொடுக்கிற உயிருள்ள கிருமித் தூள். தெரிந்த பெண் ஒருத்தர் விற்கிறாராம், ஸ்டாக்கை காடி (கார்) போனட்டிலேயே, பின்னால் சாமான் வைக்கிற இடத்தில், வைத்திருக்கிறாராம். பிறை டவுன் வெயிலில் நிற்கிற காடியின் பின்னால் உயிருள்ள கிருமி எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று நான் கேட்டதற்கே சின்னம்மா முகம் சுண்டிப்போனது. சரி, அதோடு விட்டிருப்பேன். அப்புறம் சின்னம்மா, என் தம்பி பொண்டாட்டியைத் தனியாக அழைத்து, "மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்கிட்ட) எல்லாம் சொல்லாதம்மா, பால் கொண்டு போற பாட்டில்லயே ஒரு சிட்டிகை கலந்து குடுத்துடு" என்று சொன்னார் பாருங்கள், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சின்னம்மா கெட்டவர் இல்லை. நமக்குச் சேனை வைத்த கை, வசம்பு உரைத்த கை. பிள்ளைக்கு ஏதாவது கொடுக்காமல் சும்மா இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. ஆனால் ஒன்பது மாதம் முடித்து மூன்று கிலோவில் பிறந்த பிள்ளையின் வயிறும் 980 கிராம் பிள்ளையின் வயிறும் ஒன்றில்லை. குறைமாதப் பிள்ளையின் குடல் சுவர் இன்னும் முழுதாகத் தயாராகவில்லை, தடுப்புச் சக்தியும் அப்படித்தான். தாயின் உடலிலிருந்து வர வேண்டிய கிருமிகள் வருவதற்குள் ஆண்டிபயாடிக், டியூப், ஆஸ்பத்திரிக் காற்று என்று வேறு கூட்டம் வந்து குடியேறிவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு கொடிய வியாதி இருக்கிறது, என்இசி என்பார்கள், நெக்ரோடைசிங் என்டெரோகொலைடிஸ். குடலின் ஒரு பகுதி வீங்கி அழுகிப்போவது. சில பிள்ளைகளுக்கு ஆபரேஷன் வரை போகும், உயிரே போவதும் உண்டு. அதனால்தான் அங்கே பால் கொடுப்பதற்கு முன்னால் டேப் வைத்து வயிற்றைச் சுற்றி அளக்கிறார்கள், டியூப்பில் சிரிஞ்சைப் போட்டு இழுத்து, முந்தைய பால் என்ன நிறத்தில் திரும்பி வருகிறது என்று பார்க்கிறார்கள். பச்சையாக வந்தால் அறையில் இருக்கிற எல்லோர் முகமும் மாறும். நானே பார்த்தேன், பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கு.

அந்த வியாதியைப் புரோபயாடிக் குறைக்குமா என்றால், குறைக்கலாம். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் வெறுமனே பயம் காட்டுகிறவள் ஆகிவிடுவேன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,099 குறைமாதக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மூன்று வகைக் கிருமிகளைச் சேர்த்துக் கொடுத்ததில் என்இசி வந்தவர்கள் நூற்றுக்கு 4.4-இலிருந்து 2 ஆகக் குறைந்தார்கள். சின்ன விஷயம் இல்லை. ஆனால் 2016-இல் இங்கிலாந்து ஆய்வு வந்தது, 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகள், வேறு ஒரு வகைக் கிருமி, பலன் எதுவும் தெரியவில்லை. அந்த ஆய்வில் எனக்கு மறக்காத விஷயம், கிருமி கொடுக்கப்படாத குழந்தைகளில் பலரின் வயிற்றிலும் அதே கிருமி போய்க் குடியேறியிருந்தது. ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து இன்னொரு கண்ணாடிப் பெட்டிக்கு, கை வழியாகவோ எப்படியோ. ஆக, சின்னம்மா கலக்கச் சொன்ன ஒரு சிட்டிகை நம் பிள்ளையோடு நிற்காது, அடுத்த பெட்டியில் இருக்கிற அந்தச் சீன அம்மாவின் இரட்டைப் பிள்ளைகளுக்கும் போகலாம்.

"நல்ல கிருமிதானே, என்ன செய்துவிடும்?" என்று அண்ணன் கேட்டார். கிருமி நல்லதோ கெட்டதோ, அது குடலில் இருக்கிற வரைக்கும்தான் நல்லது. குடல் சுவர் மெல்லியதாக இருந்தால் ரத்தத்துக்குள் போய்விடும், போனால் அது செப்சிஸ், உயிருக்கே ஆபத்தான ரத்தத் தொற்று. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ டாக்டர்களுக்கே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தை ஒன்று இறந்திருக்கிறது, ரத்தத்தில் கிடைத்த கிருமியும் ஆஸ்பத்திரியில் கொடுத்த புரோபயாடிக்கில் இருந்த கிருமியும் மரபணுவில் ஒன்றாகவே பொருந்தியது. இதற்கு முன்னால் 2014-லும் ஒரு சம்பவம். அங்கே பவுடரில் பூஞ்சை கலந்திருந்தது, ஒரு குறைமாதக் குழந்தை போய்விட்டது. இரண்டுமே ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. காடி போனட்டிலிருந்து வந்தவை இல்லை.

டாக்டர்களுக்குள்ளேயே இதில் ஒரு முடிவு இல்லை. ஐரோப்பியக் குழந்தை குடல்நோய் நிபுணர்கள் சில குறிப்பிட்ட வகைகளுக்கு நிபந்தனையோடு சரி என்கிறார்கள், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாகக் கொடுக்காதீர்கள், அதுவும் ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் வேண்டவே வேண்டாம் என்கிற பக்கம். படித்தவர்களே பத்து வருஷமாக வாதாடுகிற விஷயத்தை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது.

குரூப்பில் வந்த ஃபார்வர்டு வேறு. "இந்திய ஆராய்ச்சி, ஒடிசாவில் 4,500 குழந்தைகள், 40 சதவீதம் நோய் குறைந்தது." பொய் இல்லை, 2017-இல் நேச்சர் இதழில் வந்த உண்மையான ஆய்வுதான், கிருமியையும் அதற்குத் தீனியான பிரீபயாடிக் சர்க்கரையையும் சேர்த்து ஏழு நாள் கொடுத்தார்கள். ஆனால் ஃபார்வர்டு செய்தவர் ஒரு வரியை விட்டுவிட்டார். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் 35 வாரம் தாண்டியவர்கள், இரண்டு கிலோவுக்குக் குறையாதவர்கள், தாய்ப்பால் குடிக்கிறவர்கள். நம் பையன் அதில் பாதி எடைகூட இல்லை.

இன்னொரு பேச்சு, "எம்ஏஎல் நம்பர் இருக்கே, அரசாங்கம் ஒத்துக்கிட்டதுதானே?" மலேசிய அரசாங்கத்தின் பதிவு நம்பர் அது. இருக்கிறது, நானும் பார்த்தேன். அந்த நம்பருக்குக் கடைசியில் வருகிற ஆங்கில எழுத்தைப் பாருங்கள். 'என்' என்றால் ஊட்டப்பொருள் என்று பதிவானது. மருந்து என்று பதிவானது இல்லை, வியாதியைக் குணமாக்கும் என்று சொல்லி விற்க முடியாது. 'என்' என்பது எந்த வகையில் பதிவானது என்று மட்டும்தான் சொல்லும். 980 கிராம் பிள்ளைக்கு ஆகும் என்று அந்த எழுத்து சொல்லவில்லை.

நான் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மகளும் 31 வாரத்தில்தான் பிறந்தாள். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ராத்திரியெல்லாம் வயிற்றை முறுக்கி அழுகிறாள் என்று பக்கத்துப் பார்மசியில் போய்க் கேட்டேன். பிள்ளை எத்தனை மாதத்தில் பிறந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் இதே மாதிரி ஒரு பவுடரை எடுத்துக் கொடுத்தார்கள், நானும் பத்து நாள் கொடுத்தேன். அடுத்த செக்கப்பில் பாக்கெட்டைக் காட்டினால் டாக்டர் ஒன்றும் திட்டவில்லை, பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "யார் கொடுக்கச் சொன்னது?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம்.

சரி, வேறு என்னதான் செய்வது? தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடி அதிகமாக இருப்பது ஒரு வகைச் சர்க்கரைக் கூட்டம். பிள்ளையால் அதை ஜீரணிக்கவே முடியாது. பிள்ளையின் குடலில் இருக்க வேண்டிய பிஃபிடோ கிருமிக்கான சாப்பாடு அது. டின் பாலில் பிரீபயாடிக் என்று போட்டுச் சேர்ப்பதெல்லாம் இதைப் பார்த்துச் செய்ய முயன்றதுதான். என்இசி குறைவாக வருவதும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளுக்குத்தான். முதல் நாள் வந்த சீம்பால் அரை ஸ்பூன்கூட இல்லை, அதையும் வீணாக்காமல் மிஸ்ஸி பஞ்சில் நனைத்துப் பையனின் கன்னத்துக்குள் தடவினார்கள்.

அந்தப் பால் சும்மா வருகிறதா? மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி இரண்டு மணிக்கும், ஆபரேஷன் தையலோடு எழுந்து உட்கார்ந்து பம்ப் பண்ண வேண்டும். பம்ப்பைக் கழற்றி, கழுவி, ஸ்டெரிலைஸ் பண்ணி, பாட்டிலில் பேரும் தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, தம்பி வேலைக்குப் போகும் முன் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். 89 வெள்ளிக்குப் பெட்டி வாங்கி வர எங்கள் குடும்பத்தில் ஆள் இருக்கிறது, அந்த பம்ப்பைக் கழுவ ஆள் இல்லை. இதை அப்படியே சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன்.

பெட்டியை டாக்டரிடமே காட்டச் சொன்னேன், தம்பி காட்டினான். என்ன வகைக் கிருமி என்றே பெட்டியில் சரியாகப் போடவில்லை, வேண்டாம், தேவைப்பட்டால் நாங்களே கொடுப்போம் என்று சொல்லிவிட்டாராம்.

சின்னம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஒரு சட்டி பூண்டுக் குழம்போடு தம்பி வீட்டுக்கு வந்திறங்கினார், இன்னும் திரும்பிப் போகவில்லை. ராத்திரி இரண்டு மணி பம்ப் இப்போது அவர் கையில்தான், ஒவ்வொரு வால்வாகப் பிரித்துக் கழுவுகிறாராம், தம்பி பொண்டாட்டிக்கே அந்தப் பொறுமை கிடையாது. பையன் நேற்று ஒரு வேளைக்கு 6 மில்லி குடித்தான். காலையில் 8 என்று தம்பி மெசேஜ் போட்டிருக்கிறான்.