நாற்பதைத் தொடாத வெயில்

கத்திரி வெயில் நேரத்தில் சென்னைக்கு 36 டிகிரி என்று செய்தி வந்தால், "வேலூரில் 42, நமக்குப் பரவாயில்லை" என்கிறோம். எனக்கு இந்தப் "பரவாயில்லை" மீதுதான் கோபம்.

வியர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், காயாது. வெப்பம், ஈரம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவு ஈரக்குமிழ் வெப்பநிலை. 42 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அது சுமார் 24. 34 டிகிரியும் 75 சதவீதமும் இருந்தால் சுமார் 30! ஈரக்குமிழ் அளவில் 35தான் மனித உடம்பின் எல்லை என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். 2022இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் 31ஐ ஒட்டியே உள்ளுடல் சூடு கட்டுமீறத் தொடங்கியது. அவர்கள் செய்தது லேசான வேலைதான். கட்டடத் தொழிலாளரைப் போலக் கலவைச் சட்டி தூக்கவில்லை.

கடற்கரை வானிலை நிலையங்களில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பநிலை 37ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். ஈரப்பதம் இந்தக் கணக்கில் இல்லை. மதியம் கடல்காற்று நுழைந்ததும் வெப்பமானி இறங்குகிறது, ஈரக்குமிழ் அளவோ பல நாள்களில் ஏறுகிறது. மெரினாவில் நிற்பவருக்குக் காற்றாவது உண்டு. தகரக்கூரை போட்ட சந்து வீட்டுக்குள் ஈரம் மட்டும்தான் வரும். புவி சூடாகச் சூடாக இது மோசமாகும். ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதைக் கொடுக்க வங்கக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

ஈரக்குமிழ் வெப்பநிலையை யாரும் அளக்கலாம். ஒரே மாதிரி இரண்டு அறை வெப்பமானி போதும் (காய்ச்சல் பார்ப்பது உதவாது). ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியை ஒரே சுற்றாகச் சுற்றி, துணியின் நுனியை மட்டும் தண்ணீரில் விடுங்கள். குமிழ் நீரில் மூழ்கினால் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். நிழலில் வைத்து ஃபேன் காற்று படச் செய்து, அளவு இறங்கி நின்றதும் படியுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து துணி உறிஞ்சாமல் போய்விடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லதுதான், ஆனால் சாவுக்குப் பிறகு வரும் பணம். வேலையை எப்போது நிறுத்துவது என்று சட்டம் சொல்ல வேண்டும். கத்தார் 2021இல் அதைச் செய்தது. ஈரக்குமிழுக்கு 70 சதவீதம், வெயிலின் நேரடிச் சூட்டுக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று எடை போடும் குறியீடு 32.1ஐத் தாண்டினால் வெளிவேலை நிற்க வேண்டும். தொழிலாளர் உரிமைக்குப் பேர்போன நாடில்லை அது. அங்கே கம்பி கட்டும் நம்மூர்க்காரருக்கு ஏட்டிலாவது இருக்கும் பாதுகாப்பு, சென்னைப் பெரும்பாக்கத்தில் கட்டுபவருக்கும் வேண்டும்.

"கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் ஜாயின்ட் விழும், பழையதும் புதியதும் சரியாக ஒட்டாது" என்பார்கள் பில்டர்கள். உண்மைதான். அதனால்தான் ரூஃப் போடும் வேலையை ராத்திரிக்கோ விடியலுக்கோ மாற்றச் சொல்கிறேன். அப்போது கலவையும் வெயிலில் இறுகுவதுபோல் சீக்கிரம் இறுகாது, கட்டடத்துக்கும் லாபம். 15-20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயில் வேலை, பிறகு தினமும் அதே அளவு கூட்டலாம். உடம்பு பழகுமுன் முழு வேலை வாங்கும் முதல் சில நாள்தான் ஆபத்து. கழிவறை இல்லாத சைட்டில் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், ஆகவே தண்ணீர் டிரம் மட்டும் வைத்துக் கணக்குக் காட்ட முடியாது.

கடைசியாகக் கூலி. நாள்கூலிக்காரருக்கு ஓய்வு நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கெழுதலாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலை செய்பவர் ஓய்வெடுத்தால் நஷ்டம் அவருக்கே. நிற்கச் சொன்னாலும் நிற்க மாட்டார். அந்தத் தொகையை பில்டர்தான் ஏற்க வேண்டும். மே மாதத்தில் வேலையை முடிக்கத் தேதி குறித்தவர் அவர்தானே.