நன்றாகப் பசித்தால் ஆரோக்கியம் என்று எப்போதும் சொல்ல முடியாது

"எவ்வளவு சாப்பிட்டாலும் பசிக்கிறது, ஆனால் எடை குறைகிறது" என்று கேட்டவருக்கு, "நல்ல ஜீரண சக்தி, கவலை வேண்டாம்" என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பசி கூடி எடை குறைவது மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி.

முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை நோய். குளுக்கோஸைச் செல்களுக்குள் சேர்க்க உதவும் இன்சுலின் என்ற ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் குளுக்கோஸ் நிறைய இருந்தும் செல்களுக்குள் சரியாகப் போகாது. 100 மில்லி ரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது சிறுநீரில் வெளியேற ஆரம்பிக்கும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், தீராத தாகம். சாப்பிட்டது உடம்பில் சேராததால் தசையும் கொழுப்பும் கரையும், பசி மட்டும் அடங்காது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை அதே அளவில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்று கணக்கு. வேறு அறிகுறி இல்லாவிட்டால் இன்னொரு முறை பரிசோதித்து உறுதி செய்வார்கள்.

அடுத்தது தைராய்டு அதிகமாகச் சுரப்பது. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை கூட இருந்தால் தைராய்டின் செயல்பாட்டைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

பசியோடு எடையும் கூடினால் காரணம் வேறாக இருக்கலாம்: ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், தூக்கக் குறைவு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

அப்புறம், இப்படிப் பசி கூடி எடை குறைவது குழந்தைக்கு என்றால், தாகத்தோடு வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு வந்தால் நாளை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.