1.30 இலிருந்து 5.30 வரை

பாடசாலை பிற்பகல் 1.30க்கு விடுகிறது. முன்பள்ளி அதற்கும் முன்னமே விட்டுவிடும். எங்கள் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற அம்மாவுக்கு வேலை முடிய 5 மணி, மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சீசன் என்றால் அதுவும் நிச்சயமில்லை. டவுனில் புடவைக்கடையில் நிற்கிறவருக்குக் கடை பூட்டினால்தான் வீடு. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் மாறி மாறிச் சமாளிக்கலாம். ஒருவர்தான் என்றால், அந்த நேரம் முழுக்கப் பிள்ளை எங்கே இருக்கும், யாரோடு இருக்கும்? தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஊர் என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அவர்களிடம் இல்லாதது இன்னொரு பெரிய ஆள்.

ஆனால் நாங்கள் கொடுப்பது என்ன? உலர் உணவுப் பொதி, தையல் மெஷின், கோழிக்குஞ்சு. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் எத்தனை வீடுகளுக்கு இப்படி மெஷின் போனது! ஒரே கிராமத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் எல்லாம் தையல் மெஷின் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது? துணி வாங்கக் காசில்லாமல் நுண்கடன் எடுத்து, அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து, கிழமைக்கிழமை வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்லி வாழ்ந்த பெண்களை நமக்கெல்லாம் தெரியும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் அந்தக் கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. பொதி கொடுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை, பசித்த வீட்டுக்கு அரிசி வேண்டும்தான். அந்தப் பொதியைக் கையில் கொடுத்து, பின்னால் பேனர் பிடித்து, பிள்ளைகளையும் நிறுத்திப் படம் எடுத்துப் போடுவதைத் தயவுசெய்து விடுங்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

இது யாரோ சில பேருடைய கதையும் இல்லை. நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு வீட்டுக்குப் பெண்தான் தலைவி. எங்கள் மாவட்டத்தில் யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள், 2004 சுனாமியில் இழந்தவர்கள், கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறவர்கள், குடியும் அடியும் தாங்காமல் பிரிந்து வந்தவர்கள், கணவன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போனவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். அப்பாக்களையும் மறக்க வேண்டாம். மனைவி குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்ய, இங்கே இரண்டு பிள்ளைகளோடு தனியே நிற்கிற மனிசன் அதிகாலையில் கடலுக்குப் போக வேண்டும் என்றால் மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? அநேகமான வீட்டில் அது அம்மம்மா. அந்த அம்மம்மாவுக்கும் கிளினிக் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது.

என் யோசனை பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் ஒவ்வொரு கோயிலுக்கும் மண்டபம் இருக்கிறது, அறநெறி வகுப்புக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் திறக்கிறது, வாசிகசாலை இருக்கிறது, சேர்ச் ஹோல் இருக்கிறது. கிழமை நாளில் பிற்பகல் இவை பூட்டித்தான் கிடக்கின்றன. அதில் ஒன்றை 1.30க்குத் திறந்து 5.30 வரை வைத்திருங்கள். பிள்ளைகள் வந்து கை கால் கழுவி, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, வீட்டுப்பாடம் செய்து, விளையாடிவிட்டுப் போகட்டும். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கும் கம்பஸுக்கும் மாதக்கணக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற ரீச்சர்மார் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு மாதச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும், சும்மா வரச்சொன்னால் இரண்டாம் மாதம் யாரும் வர மாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவுகளே, வருடத்துக்கு ஒருமுறை பொதி அனுப்புவதை விட அந்தச் சம்பளத்தைப் பன்னிரண்டு மாதமும் தவறாமல் அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். பிள்ளைகளோடு எந்த நேரமும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். யார் கூட்டிப்போகலாம் என்று தாயோ தகப்பனோ எழுதிக் கொடுத்த ஆளைத் தவிர வேறு யாரோடும் பிள்ளையை விடக்கூடாது. பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குத் தெரிவித்துவிட்டே தொடங்குங்கள், 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். நல்ல மனிசர்தானே என்று நம்பி விடுகிற இடத்தில்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து வருகிறது.

எங்கள் பக்கத்து மரண உதவிச் சங்கத்தில் இதைப் பற்றிக் கதைத்தபோது ஒரு ஐயா, “அதுக்கெல்லாம் அரசாங்கம் இருக்குதானே பிள்ளை” என்றார். இருக்கிறது ஐயா. அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம் இருக்கிறது, மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938 இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளையைப் பார்க்காமல் விட்ட தகப்பனிடம் மாதாமாதம் காசு கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், கட்டளைப்படி கட்டாமல் விட்டால் மறியலுக்கும் அனுப்பலாம். முஸ்லிம் சகோதரிகளுக்கு அதே விசயம் காதி நீதிமன்றத்தில். கணவன் காணாமல் போனவர் என்றால் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்கு 2016 இலிருந்து காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. ஆனால் இதற்கெல்லாம் போக ஒரு நாள் லீவு வேண்டும், லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும், வெருகலில் இருந்து வருகிறவருக்குப் பஸ் காசு வேறு, வழக்குத் தவணை போட்டால் மறுபடி அதே அலைச்சல். கூடப் போய் நிற்க, படிவம் நிரப்ப, “அந்த அதிகாரியிடம் இப்படிக் கேளுங்க அக்கா” என்று சொல்ல ஒருவர் இருந்தால் பாதிப் பேர் இடையில் விட்டுவிட மாட்டார்கள். ஓய்வு பெற்ற கிராம சேவகர்மார், எழுதுவினைஞர்மார் நம்ம ஊரில் எத்தனை பேர்! உங்களை விட இந்த வேலைக்குப் பொருத்தமானவர் யார்?

ஆஸ்பத்திரி விசயமும் அப்படித்தான். மாரி காலத்தில் ஒரு பிள்ளைக்கு டெங்கு என்றால் தாய் வார்டில் நிற்க வேண்டும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது அதன் கடுமையைப் பார்த்தோம். அப்போது வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளையை இரவு யார் பார்ப்பது? ஒழுங்கைக்கு இரண்டு வீடு என்று முன்கூட்டியே பேசி வைத்தால் போதும்.

சங்கத்தின் பெயரில் செய்யுங்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. தனியே இருக்கிற பெண்ணின் வீட்டு வாசலில் ஒரு ஓட்டோ இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் ஊர் கதை கட்டும். அந்தக் கதைக்குப் பயந்தே பல பெண்கள் உதவி கேட்பதில்லை, உதவ நினைக்கிற ஆண்களும் ஒதுங்கிவிடுகிறார்கள். சங்கம் அனுப்பிய ஆள் என்றால் அந்த வாய்கள் கொஞ்சமாவது அடங்கும். அப்புறம், மகளின் சாமத்தியச் சடங்கில் பெற்ற தாயைப் பின்னுக்கு நிற்கச் சொல்கிறோமே, எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. பத்து வருடம் தனியே உழைத்து வளர்த்தவர் ஆரத்தி எடுக்கக் கூடாதாம். இதை மாற்ற ஒரு சதமும் செலவில்லை, வீட்டுப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஜனவரியில் புது வருடப் பாடசாலை தொடங்க முன்பு உங்கள் கோயில் பரிபாலன சபையிலோ மரண உதவிச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ கூட்டம் வரும். அதில் மண்டபச் சாவியைக் கேளுங்கள். சாவி கிடைத்தால் எனக்கு அறிவியுங்கள், கிழமைக்கு இரண்டு பிற்பகல் நான் வருகிறேன்.