பொய்யான எண்ணுக்குச் சுவை கிடையாது

சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரில் 2023ஆம் ஆண்டு வந்த ஓர் அத்தியாயத்தில், தண்ணீர்த் தொழில்நுட்பம் ஒன்றைச் சொல்லி ஏமாற்றும் இளம் நிறுவனர் ஒருவர் வருகிறார். முதிய பணக்காரரான பர்ன்ஸ் அவரிடம் மயங்கிப்போகிறார். அந்தப் பாத்திரம், இரத்தப் பரிசோதனைக் கருவியின் பெயரால் மோசடி செய்த தெரனோஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸின் சாயல் என்பது பார்த்தவுடன் புரிந்துவிடும். நையாண்டி கூர்மையானதுதான். ஆனாலும் இரத்தத்தின் இடத்தில் தண்ணீரை வைத்ததால் அந்த மோசடியின் கொடிய பகுதி கைநழுவிவிட்டது என்றே நினைக்கிறேன்.

கெட்ட தண்ணீரைப் பெரும்பாலும் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அச்சாகி வரும் தவறான எண்ணோ, சரியான எண்ணைப் போலவேதான் இருக்கும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளிகளில் திசுநீர் கலக்கலாம், சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் அளவு பொய்யாக உயரலாம் என்பதெல்லாம் ஆய்வகங்களில் பணிபுரிவோர் நன்கு அறிந்தவை. அந்தத் துளிகளிலேயே நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்யலாம் என்று 2003இல் தொடங்கிய தெரனோஸ் சொன்னது. உண்மையில் அதன் எடிசன் கருவி ஒரு சில சோதனைகளையே செய்தது. பெரும்பாலானவை பிற நிறுவனங்களின் வழக்கமான இயந்திரங்களில் நடந்தன. கருவுற்றிருந்த பெண் ஒருவருக்குக் கரு கலைந்துவிட்டதாக அதன் அறிக்கை காட்டியதை 2021இல் நீதிமன்றம் அவர் வாயாலேயே கேட்டது.

பர்ன்ஸை வெறும் ஏமாளிக் காதலனாகக் காட்டியதும் எனக்கு நெருடுகிறது. தெரனோஸ் இயக்குநர் குழுவில் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிஞ்சர் போன்ற முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் அமர்ந்திருந்தார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பணம் போட்டார்கள், நிறுவனத்தின் மதிப்பும் 900 கோடி டாலரை எட்டியது. கருவி வேலை செய்யவில்லை என்று எச்சரித்தவர்களோ, அங்கே பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன டைலர் ஷுல்ட்ஸும் எரிக்கா சுங்கும். டைலர் அந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸின் பேரன். சொந்தப் பேரனின் சொல்லைக்கூடத் தாத்தா அப்போது நம்பவில்லை. வழக்கறிஞர்களின் மிரட்டலையும் தாங்கி நின்ற அந்த இருவருக்காக ஒரு காட்சியாவது கார்ட்டூன்கள் ஒதுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2022 ஜனவரியில் ஹோம்ஸ் நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. நான்குமே முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பானவை. 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனையும், முதலீட்டாளர்களுக்கு 45 கோடி டாலருக்கு மேல் இழப்பீடும் விதிக்கப்பட்டன. நோயாளிகளை ஏமாற்றியதாக முடிவுவரை நின்ற குற்றச்சாட்டுகள் எதிலும் நடுவர் குழு அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை.