கார்டு மெஷின் கேட்கும் அந்தக் கேள்விக்குச் சரியான பதில்

வெளிநாட்டில் கார்டில் கட்டும்போது, உள்ளூர் நாணயத்திலா, சொந்த நாட்டு நாணயத்திலா என்று மெஷின் கேட்கும். "சொந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்றுக் கட்டணம் மிச்சம், பட்ஜெட்டும் துல்லியமாக இருக்கும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் கூடுதலாகச் செலவாவது அந்த வழியில்தான்.

நீங்கள் போயிருக்கும் நாட்டின் நாணயத்தில் கட்டினால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களின் நாணய மாற்று விகிதப்படி கணக்காகும். சொந்த நாணயத்தைத் தொட்டால், விகிதத்தை வைப்பது கடைக்காரரின் வங்கியோ அதற்கென்றே இருக்கும் இடைநிறுவனமோதான். லாபத்தை விகிதத்துக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள். 100க்கு 4, 5 கூடுவது சாதாரணம், சில இடங்களில் அதைவிட அதிகம். இது போக, உங்கள் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தை அப்போதும் பிடிக்கக்கூடும். அப்புறம் எங்கே மிச்சம்?

தொகை முன்கூட்டியே தெரியும் என்பது உண்மைதான். அதற்காக ஒவ்வொரு பில்லிலும் இவ்வளவு கூடக் கொடுக்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் உங்கள் கார்டுக்கு எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்று வங்கியில் கேட்டு, அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். மறுத்தால் பணம் வராதோ என்று பலர் பயந்து சம்மதித்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், நாணய மாற்றத்தை மறுத்தாலும் வழக்கமாகப் பணம் வந்துவிடும். கடையில் ஊழியரே உங்களுக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டால், ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் போடச் சொல்லுங்கள்.